மேசைக்கடியில் ஓர் ஓட்டு

அரசாங்கத்துக்கு மூன்று கைகள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கை சட்டம் செய்யும், ஒரு கை அதை நடத்தும், மூன்றாவது கை மற்ற இரண்டும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கும். ஒன்றின் மேல் ஒன்று படாமல் இருப்பதுதான் அதன் அழகு என்றார் வாத்தியார். நடுவில் ஓர் ஆள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பரீட்சைக்கு அந்தக் கேள்வி வராது.

எங்கள் தெருத் தச்சர் மாட்டிக்கொண்டார்.

அரசு வளாகத்தின் பின்மதிலை ஒட்டினாற்போல் இருந்தது எங்கள் தெரு. மதிலுக்கு அந்தப் பக்கம் சபை, செயலகம், நீதிமன்றம் என்று மூன்று கட்டடங்கள், அவற்றுக்கு நடுவே நீளநீளமான தாழ்வாரங்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். நாட்டை ஆள்கிற சத்தம் எங்கள் வீடுகளுக்குள் நன்றாகக் கேட்கும். பெரும்பாலும் அது மேசையைத் தட்டுகிற சத்தமாக இருக்கும்.

தச்சர் அதிகம் பேசமாட்டார். அவர் வீட்டில் ஆம் என்பதும் இல்லை என்பதும் மனைவியின் துறை. அவருக்கு 'ம்' மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தினார், மகளைக் கட்டிக்கொடுத்தார், முன்பக்கம் பட்டறையும் பின்பக்கம் வீடுமாக எங்கள் தெருவில் ஓர் இடமும் வாங்கினார். அதைத் தவிர அவருக்கு வேறு சொத்து கிடையாது.

சபையில் கைதட்டக் கூடாது. மகிழ்ச்சி வந்தால் மேசையைத் தட்டலாம் என்பது விதி. உறுப்பினர்களுக்கு அங்கே அடிக்கடி மகிழ்ச்சி வரும். தலைவர் எழுந்தால் தட்டுவார்கள், உட்கார்ந்தால் தட்டுவார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தால், அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பின்வரிசை தட்டும். இந்த விஷயத்தில் பொதுப்பணி அமைச்சரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் தட்டிய தட்டில் அவருடைய மேசையின் முன்கால் கழன்று போயிற்று. அதை மாட்டத்தான் தச்சரைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்குச் சபை கிடையாது என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒத்திவைத்திருந்தது உண்மைதான். ஆனால் காலையில் யாரோ எழுந்து ஒத்திவைத்ததை எதிர்க்க, அந்த ஒத்திவைப்பையே ஒத்திவைத்துவிட்டார்கள். மேசைக்கடியில் படுத்திருந்தவருக்கு இது எப்படித் தெரியும்? மணி அடித்தது. கதவுகளைச் சாத்திப் பூட்டினார்கள். சபை நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அந்த மேசைக்கு மூன்று பக்கமும் பலகை. நாலாவது பக்கம் பளபளவென்று இரண்டு பூட்ஸுகள் வந்து அடைத்துக்கொண்டன.

"ஐயா," என்றார் தச்சர் மெதுவாக.

பூட்ஸுகள் துள்ளின. "யாருய்யா அது?" என்று குனியாமலே கேட்டார் அமைச்சர்.

"தச்சருங்க. கால் இன்னும் முழுசா மாட்டலை. கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா வெளிய போயிடுவேன்."

"இப்ப எந்திரிச்சேன்னா சபைக்குள்ள அந்நியன்னு எதிர்க்கட்சிக்காரன் கூரையைப் பிச்சுடுவான். பேசாம காலைப் பிடிச்சுக்க."

"யார் காலைங்க?"

"மேசைக் காலைய்யா!"

அந்த இடத்தில் அந்தச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. தச்சர் மேசைக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அமைச்சர் எழுந்து தம் மசோதாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே! மக்கள் நம்மை இங்கே அனுப்பினார்கள். நாம் வண்டியில் வந்தோம். வந்த வண்டியை எங்கே நிறுத்துவது? மக்களின் பிரதிநிதி நிழலைத் தேடி வட்டமடித்துக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் மக்களுக்குப் பிரதிநிதி யார்? ஆகவே, வளாகத்தின் பின்னால் பயனற்றுக் கிடக்கும் நிலத்தை வண்டி நிறுத்துமிடமாக்க இந்தச் சட்டம். அங்கே சிலர் குடியிருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நமக்கு ஓட்டுப் போட்டவர்கள், எதையும் தாங்குவார்கள்!"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தச்சரின் தலைக்கு மேலே இடி விழுந்தது. 'மக்கள்' என்பது ஓரிரு முறையும் 'வண்டி' என்பது பலமுறையும் காதில் விழுந்தன. மற்றதெல்லாம் தட்டலில் போயிற்று.

எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, "இது ஏழைகளின் வயிற்றில் அடிக்கிற சட்டம்," என்றார். குரல் தழுதழுத்தது. "அதுமட்டுமல்ல, வரைபடத்தைப் பாருங்கள். மரநிழல் முழுக்க ஆளும் கட்சி வண்டிகளுக்கு. எங்களுக்கு மொட்டை வெயில்! இந்த அநீதியை வரலாறு மன்னிக்காது." வெளிநடப்புச் செய்திருப்பார்கள், கதவு பூட்டியிருந்தது.

ஓட்டெடுப்புக்கு விட்டார்கள். மற்ற இடங்களில் கையைத் தூக்குவார்கள், பொத்தானை அமுக்குவார்கள். இங்கே கைகளுக்குத் தட்டுகிற வேலை இருப்பதால் குரலைத்தான் எண்ணுவார்கள். அதற்கென்று சபை எழுத்தர் ஒருவர் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவர் காதுக்கு ஒரு குரல் தப்பாது. அந்தச் சபையில் இரண்டு கட்சிக்கும் பலம் சரிசமம். ஆகவே எந்த மசோதாவும் சரிசமமாகத் தேங்கி நின்றுவிடும். சபாநாயகருக்கு ஓட்டு உண்டு. அதைப் போட்டால் ஒரு பக்கம் பகையாகும் என்று பத்திரமாக வைத்திருந்தார்.

"ஏற்போர் 'ஆம்' என்க!" என்றார் சபாநாயகர்.

"ஆம்!" என்றது ஆளும் கட்சி. சொன்ன வேகத்தில் தட்டவும் தட்டினார்கள். பொதுப்பணி அமைச்சர் தட்டியதில் மேசைக்கால் நழுவி, முழுப்பாரமும் தச்சரின் கட்டைவிரல் மேல் இறங்கியது.

"ஆ...ம்மா!" என்றார் தச்சர்.

எழுத்தர் கண்ணை மூடியபடியே இன்னொரு கோடு போட்டார். அவர் எழுதிக்கொள்ள வேண்டிய வார்த்தைகள் இரண்டுதான். 'மா' அவற்றில் சேராது.

மசோதா ஒரு குரல் வித்தியாசத்தில் சட்டமாயிற்று.

கதவு திறந்தபின் காவலர் ஒருவர் தச்சரை இழுத்து வெளியே எடுத்தார். விரல் வீங்கிப் பழுத்திருந்தது. கூட விழுந்த குரல் யாருடையது என்று சபாநாயகருக்குப் புரிந்துவிட்டது. தம் அறைக்கு வரவழைத்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். உட்காரப் போனபோது, "வேண்டாம், நில்லுங்கள். உட்கார்ந்தால் நீங்கள் இருக்கிறீர்கள் என்று ஆகிவிடும்," என்றார்.

தச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நீங்கள் சபைக்குள் இருந்தீர்கள் என்றால் அந்தச் சட்டம் செல்லாது," என்று விளக்கினார் சபாநாயகர். "சட்டம் செல்லாது என்றால் ஆட்சி கவிழும். ஆட்சி கவிழ்ந்தால் தேர்தல். ஒரு கட்டைவிரலுக்காகத் தேர்தல் நடத்த முடியுமா? ஆகவே நீங்கள் உள்ளே இல்லை. உங்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டேன்."

"ரொம்ப நன்றிங்க. அப்ப நான் வீட்டுக்குக் கிளம்பட்டுங்களா?"

சபாநாயகர் அவரைப் பரிவோடு பார்த்தார். "இல்லாதவர் எப்படிக் கிளம்ப முடியும்?"

வாசலுக்குப் போனார் தச்சர். உள்ளே வந்தவர் வெளியே போக, உள்ளே இருந்ததாகச் சபையின் முத்திரை வேண்டும் என்றார்கள். வாசலைப் பார்த்துக்கொள்வது செயலகம். செயலகத்துத் தலைமை அதிகாரி அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டதற்கு அடையாளமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க உள்ள வந்தது எங்களுக்குத் தெரியும்," என்றார். "ஆனா எங்களுக்குத் தெரியும்கிறது எங்களுக்குத் தெரியாது. புரியுதா?"

"இல்லைங்க."

"நல்லது. பாருங்க, சட்டம் போடுறது அந்தக் கட்டடம். அதுக்கு அர்த்தம் சொல்றது இன்னொரு கட்டடம். நாங்க வெறும் நடைமுறை. நடைமுறையில பார்த்தா உங்களை இந்த நிமிஷமே விடலாம்."

தச்சர் உளிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆனா அதுக்கு நடைமுறை இல்லை," என்றார் அதிகாரி. "இல்லாத ஒருத்தரை எங்க துறை இதுவரைக்கும் வெளிய விட்டதில்லை. ஒருத்தரை விட்டா, நாளைக்கு இல்லாதவங்க எல்லாரும் வந்து நிப்பாங்க. அமைச்சரைப் பாருங்க, அவர் சொன்னா செய்யறோம்."

அமைச்சர் என்றால் அதே பொதுப்பணி அமைச்சர்தான். செயலகத்தில் தம் அறையில் இருந்தார். பூட்ஸைப் பார்த்ததும் தச்சருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, முகத்தை அப்போதுதான் பார்த்தார்.

"அடடா, நீயா தம்பி! விரல் எப்படி இருக்கு?" என்று விசாரித்தார் அமைச்சர். "உன் விஷயம் சபை சம்பந்தப்பட்டது. நான் இங்க அரசாங்கம். அரசாங்கம் சபை விஷயத்துல தலையிட்டா ஜனநாயகம் என்ன ஆகிறது? சபைப்பக்கம் வந்து பாரு."

தாழ்வாரம் முழுக்க அவர் பின்னாலேயே நடந்தார் தச்சர். சபைக் கட்டடத்தின் வாசற்படியை மிதித்ததும் அமைச்சர் திரும்பினார். "என்னப்பா வேணும்?"

"வெளிய விடச் சொல்லணுங்க. இப்பத்தானே ஐயா பேசினோம்?"

"அங்க பேசினது அமைச்சர். இங்க நான் வெறும் உறுப்பினர். வெளிய விடறது அரசாங்கத்தோட வேலை. அதைக் கேள்வி கேக்கத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. வேணும்னா நாளைக்குச் சபையில எழுந்து அமைச்சரைக் கேள்வி கேக்கறேன்."

சொன்னபடியே மறுநாள் கேட்டார். அவரே எழுந்து, தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது என்று பதிலும் சொன்னார். பதில் திருப்தியாக இல்லை என்று உட்கார்ந்து வருத்தப்பட்டார்.

தச்சர் ஒருநாள் அவரைத் தாழ்வாரத்தின் நடுவிலேயே மறித்துப் பார்த்தார். "ஐயா, இந்த இடத்துல நீங்க யாருங்க?"

"இந்த இடத்துல நான் நிக்கறதில்லை தம்பி," என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார் அமைச்சர்.

உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற அறையில் தச்சருக்கு இடம் கிடைத்தது. ஜன்னல் உண்டு, அதற்கு நேரே மதில். மதிலுக்கு மேலே எங்கள் தெருவின் கூரைகள் தெரியும். தம் வீட்டுக் கூரையும் அதில் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிடத்தான் கூடாது. அவரைக் கண்டெடுத்த காவலர்தான் சாப்பாடு கொண்டுவந்து தருவார். இளகிய மனசு, ஆனால் வேலைக்குப் பயந்தவர்.

மனைவி பார்வையாளர் வாசலுக்கு வந்தாள். நடுவில் கம்பி வலை, பக்கத்தில் காவலர். உள்ளே இருப்பதன் காரணத்தைச் சொன்னால் உள்ளே இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று காவலர் முன்பே எச்சரித்திருந்தார்.

"ஒரு மேசைக்காலை மாட்ட இத்தனை நாளா? அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று ஆரம்பித்தாள் அவள். "இங்க நம்ம குடி முழுகிப்போச்சு, தெரியுமா?"

"ம்?"

"நம்ம தெருவையே எடுத்துக்கறாங்களாம். வண்டி நிறுத்தறதுக்காம்! வீட்டுச் சுவரு, பட்டறைச் சுவரு எல்லாத்துலயும் சிவப்புல பெருக்கல் குறி போட்டுட்டுப் போறாங்க. ரெண்டு பக்கமும் சரிசமமாத்தான் இருந்துச்சாம். எவனோ ஒருத்தன் கூட ஒரு 'ஆம்' சொல்லித் தொலைச்சானாம். அவன் நாக்கு அழுகிப்போக! அவன் வீடு விளங்குமா? நம்ம வயித்தெரிச்சல் அவனைச் சும்மா விடுமா? சொல்லுங்க!"

தச்சர் கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். காவலர் கூரையைப் பார்த்தார்.

"ஏதாவது வாயைத் திறந்து சொல்லுங்களேன். இடிஞ்சு போயிருக்கேன் நானு."

"ம்," என்றார் தச்சர். அவருக்கு அழுகை வந்தது. அதையும் அவள் போகிறவரை அடக்கிக்கொண்டார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. காவலர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அண்ணே, மூணாவது கட்டடம் ஒண்ணு இருக்கே, அங்க மனு போட்டுப் பாருங்க," என்றார். வெளியே போகாமலே போகலாம், தாழ்வாரம் இருந்தது.

நீதிபதி உயரமான இடத்தில் இருந்தார். "மனுதாரர் எங்கே?" என்று கேட்டார்.

"இங்கதாங்க நிக்கிறேன்."

"நீங்கள் நிற்பதை நீதிமன்றம் பார்க்கிறது. ஆனால் பார்ப்பதை வைத்து நீதிமன்றம் எந்த முடிவுக்கும் வருவதில்லை." செயலகத்துத் தலைமை அதிகாரியின் பக்கம் திரும்பினார். "இவரை ஏன் வெளியே விடவில்லை?"

"கனம் நீதிபதி அவர்களே, அன்றைக்குச் சபைக்குள்..." என்று ஆரம்பித்தார் அதிகாரி. நீதிபதி சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சபைக்குள் நடந்ததை நீதிமன்றம் கேட்கக் கூடாது. அதிகாரி சொல்லி முடிக்கிறவரை காதைப் பொத்தியபடியே கவனமாகத் தலையாட்டினார். பிறகு கைகளை எடுத்துவிட்டு, "இரண்டு தரப்பையும் கேட்டேன்," என்றார்.

"இவர் சபைக்குள் இருந்தார் என்றால் சபையை அவமதித்த குற்றவாளி. அவரைத் தண்டிக்கச் சபைக்குத்தான் அதிகாரம். இல்லை என்றால், இல்லாத ஒருவர் மனுப் போட முடியாது. இரண்டு வழியிலும் மனு தள்ளுபடியாகிறது. ஆனால் இந்த நீதிமன்றத்துக்கு இரக்கம் உண்டு. ஆகவே தள்ளுபடி செய்யாமல், விடுமுறை முடிந்து விரிவாக விசாரிக்கிறேன். அதுவரை இருக்கிற நிலை அப்படியே நீடிக்கட்டும். விசாரணையில் உள்ள விஷயம் என்பதால் மனுதாரர் இருப்பதாக யாரும் வெளியில் சொல்லக் கூடாது. மனுதாரருக்கும் இது பொருந்தும்."

நம் பக்கம் தீர்ப்பாகிவிட்டது என்று நினைத்துத் தச்சர் கும்பிட்டார். தலைமை அதிகாரிதான் கவலையில் ஆழ்ந்தார். இருக்கிற நிலை என்றால் எந்த நிலை? நாற்காலி அறையில் இருக்கிற நிலையா? அது பிறகு வந்தது. பிரச்சினை எழுந்தபோது என்ன நிலையோ அதுவே நிலை என்று மூத்தவர்களைக் கலந்து முடிவு செய்தார். மறுநாளிலிருந்து சபை கூடும்போதெல்லாம் தச்சரை அழைத்துப்போய்ப் பொதுப்பணி அமைச்சரின் மேசைக்கடியில் வைத்தார்கள்.

"உத்தரவை மதிக்கணும் இல்லையா?" என்றார் அதிகாரி. "காலையும் பிடிச்சுக்குங்க. அப்பப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

சபை முடிந்ததும் நாற்காலி அறை. காவலருக்குப் புதிதாக ஒரு கடமை சேர்ந்திருந்தது. அறையில் யாரும் இல்லை என்று தினமும் உறுதிசெய்து மேலே சொல்ல வேண்டும். கதவைத் தட்டி, "உள்ள யாரு?" என்பார்.

"நான்தாங்க," என்றார் தச்சர் முதல் நாள்.

காவலருக்கு வியர்த்துவிட்டது. "அண்ணே, என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க. நான் புள்ளகுட்டிக்காரன். 'யாரும் இல்லைங்க'ன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க. உள்ள யாரு?"

"யாரும் இல்லைங்க."

"அப்படித்தான்."

காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தரம், மேசைக்கடியில் விடும்போது ஒரு தரம். நாளாக ஆக, தச்சருக்கு அது யோசிக்காமலே வந்தது. தூக்கத்தில் காவலர் இருமினால்கூட "யாரும் இல்லைங்க" என்பார். அங்கே யாரும் இல்லை என்பதைச் சபை எழுதி வைத்திருந்தது, செயலகம் நடத்திக்கொண்டிருந்தது, நீதிமன்றம் காத்துக்கொண்டிருந்தது. ஒரு மனிதனை இல்லாமலாக்குவதில் மட்டும் மூன்று கையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன என்பது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற விஷயம்.

இதற்குள் நாங்கள், தெருக்காரர்கள், எதிர்க்கட்சித் தலைவரின் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் எங்களைக் கண்டு கண்கலங்கினார். "உங்க வீடு போறதை நினைச்சா எனக்குத் தூக்கமே வரலை. எங்க வண்டிக்கும் கடைசிவரைக்கும் நிழல் குடுக்கலை," என்றார். அந்தச் சட்டத்தை ரத்து செய்ய மசோதா கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார். கொடுத்தபடி கொண்டும் வந்தார். வெயில் அவ்வளவு கடுமையாக இருந்தது.

தச்சரின் மனைவி கம்பி வலைக்கு ஓடினாள். "நாளைக்கு நம்ம தெரு மசோதா வருது. மறுபடி ரெண்டு பக்கமும் சரிசமமாம். ஒரே ஒரு குரல் கூட விழுந்தாப் போதும், வீடு தப்பிச்சுடும். ஆனா யார் சொல்லுவா? நமக்கு யார் இருக்கா?"

தச்சர் அவளை நேராகப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "நீ சபையில பார்வையாளர் மாடத்துல வந்து உக்காரு," என்றார். அவள் அசந்துபோனாள். அது 'ம்' இல்லை, முழு வாக்கியம்.

அன்று முழுவதும் நாற்காலி அறையில் அவர் "ஆம்" என்று சொல்லிப் பழகினார். முதலில் 'ம்' மட்டும்தான் வந்தது. 'ஆ' தொண்டையிலேயே நின்றது. விரலை அமுக்கிப் பார்த்தார். 'ஆ' வந்தது, பின்னாலேயே 'ம்மா'வும் வந்தது. கடைசியில் இரண்டு எழுத்தும் வலியில்லாமல் ஒன்றாக வந்தபோது காவலர் கதவுக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தக் காவலரைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அவர் பிழைப்பு கெடும், ஆகவே விடுகிறேன்.

மறுநாள் பார்வையாளர் மாடத்தில் எங்கள் தெரு முழுவதும் உட்கார்ந்திருந்தது. நானும் இருந்தேன். தச்சரின் மனைவி முன்வரிசையில் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தாள். கீழே பொதுப்பணி அமைச்சரின் மேசை தெரிந்தது. அதற்கடியில் யார் இருக்கிறார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

எதிர்க்கட்சித் தலைவர் நிழலைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அமைச்சர் எழுந்து, "ஏற்கெனவே இந்தச் சபை கூடிப் போட்ட சட்டத்தை ஒருவர் வந்து கலைக்கலாமா? அப்படியே கலைத்தாலும், சுவரில் போட்ட பெருக்கல் குறிக்கு வாங்கிய பெயின்ட் வீணாகாதா? மக்களின் வரிப்பணத்தில் வாங்கிய பெயின்ட்!" என்று கேட்டார். மேசை அதிர்ந்தது. கால் அசையவில்லை. யாரோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏற்போர் 'ஆம்' என்க!"

"ஆம்!" என்றது எதிர்க்கட்சி. அது அடங்கிய கணத்தில் ஆளும் கட்சி முன்வரிசையின் அடியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. கணீரென்று வந்தது.

"ஆம்!"

எழுத்தர் கண்ணை மூடியபடியே கோடு போட்டார். மாடத்தில் நாங்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தோம். தச்சரின் மனைவி எழுந்தேவிட்டாள். "ஐயோ, இது அவர் குரலு!" என்றாள் என் பக்கம் திரும்பி. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததே இல்லை. வீடு தப்பிவிட்டது என்று பின்னால் யாரோ விசும்பினார்கள்.

சபாநாயகர் குனிந்து பார்த்தார். ஆளும் கட்சிப் பக்கத்திலிருந்து எதிர்க்கட்சிக்கு ஓட்டா? விதிப்படி கேட்க வேண்டியதை அவர் கேட்டார்.

"அங்கே யார்?"

மேசைக்கடியில் இருந்தவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாள்தோறும் கேட்ட கேள்வி அது. வாய் தானாகத் திறந்தது.

"யாரும் இல்லைங்க."

எழுத்தர் அந்தக் கோட்டை அடித்துவிட்டு 'இல்லை' பக்கத்தில் ஒன்று போட்டார். ஒரே குரல் இரண்டும் சொன்னால் பின்னால் சொன்னதே செல்லும். 'யாரும்', 'ங்க' இரண்டும் அவர் எழுதிக்கொள்ள வேண்டிய வார்த்தைகள் அல்ல.

"மறுப்போர் 'இல்லை' என்க!" என்றார் சபாநாயகர். ஆளும் கட்சி சொன்னது. எண்ணினார்கள். ஒரு குரல் வித்தியாசத்தில் மசோதா தோற்றது. கீழே ஒரே தட்டல். தச்சரின் மனைவி கம்பியை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

அன்று மாலையே தச்சரை வெளியே விட்டுவிட்டார்கள். தலைமை அதிகாரி மகிழ்ச்சியோடு வாசல்வரை வந்தார். "இப்ப ஒரு சிக்கலும் இல்லை. ஒரு தடவை 'ஆம்', ஒரு தடவை 'இல்லை'. கூட்டிக் கழிச்சா ஒண்ணும் மிஞ்சலை. நீங்க வரவே இல்லைன்னு மூணு கட்டடமும் ஒப்புக்கிட்டாச்சு. இல்லாதவங்களை விட நடைமுறை இல்லைன்னேன் இல்லையா, வராதவங்களை வெச்சுக்கவும் நடைமுறை இல்லை," என்றார். மேசைக்கால் மறுபடி கழன்றுவிட்டதாகவும், தேவைப்பட்டால் கூப்பிட்டனுப்புவதாகவும் சொன்னார்.

தெருவில் இயந்திரம் வந்து நின்றிருந்தது. பட்டறை முகப்பு ஏற்கெனவே கீழே கிடந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, அதன் ஓரத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். தச்சர் அவள் எதிரில் போய் நின்றார். நாங்கள் எல்லாரும் சற்றுத் தள்ளி நின்றோம்.

அவள் சாமான் கட்டிய கயிற்றை ஒரு தரம் இழுத்து இறுக்கினாள். பிறகு நிமிர்ந்து, "இன்னிக்குப் பேசினது நீங்க. சரி. மொதல்ல ஒருத்தன் 'ஆம்' சொன்னானே," என்று கேட்டாள், "அதுவும் நீங்கதானா?"

தச்சர் வாயைத் திறந்தார். எந்த வார்த்தையைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டையுமே அவர் சொல்லிப் பார்த்தாயிற்று. கடைசியில் வீங்கிக் கறுத்திருந்த கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். தான் விட்ட சாபமெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். விரலைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல உதட்டைக் குவித்தார்.

"வேணாம்," என்றாள் அவள் பதறிப்போய், மதிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே. "'ம்'கூடச் சொல்லாதீங்க. யாராவது எழுதிக்கப் போறாங்க."